குடியிருப்பும் குடியுரிமையும்

பெரியாறு கடலை நெருங்கும் இடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. அக்கிளைகளுக்கு இடைப்பட்ட தீவுதான் ஏலூர். கொச்சிக்கு அருகே அமைந்த இவ்வூரைப் பலர் அறிந்திருப்பது அங்குள்ள ஆலைகளினால். அவற்றுள் மூத்தது 'பாக்ட்' எனப்படும் உர ஆலை. 1943-இல் திருவிதாங்கூர் நாட்டில் அதனை நிறுவ முன்னின்றவர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொழில் நடத்திவந்த சேஷசாயி சகோதரர்கள். 1947-இல் அங்கு உரம் உற்பத்தியாகத் தொடங்கிற்று. 1962-இல் அதன் பெரும்பான்மைப் பங்குகள் மத்திய அரசின் கைக்கு வந்தன. ஆகவே, ஏலூருக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று.

ஆலை எழுந்தால் ஆட்கள் வருவர். ஆட்கள் வந்தால் வீடு வேண்டும். இத்தகைய தொழில்நகரங்களில் மூவகை இருப்பிடங்களைக் காணலாம். அரசு நிறுவனம் தன் ஊழியர்க்குக் கட்டிய வீடுகள் ஒருவகை. மாநில அரசோ நகராட்சியோ ஏழைகளுக்குக் கட்டித் தந்த வீடுகள் மற்றொரு வகை. ஒப்பந்தக்காரர் தம் ஆட்களைத் தங்கவைக்கும் கொட்டகைகளும், தனியார் வாடகை வீடுகளும் மூன்றாம் வகை. முதல் இரண்டும் பொதுப்பணத்தால் எழுந்தவை. அங்கே ஒருவர்க்கு ஒரு நீதி, மற்றொருவர்க்கு வேறு நீதி என்பதற்கு இடமில்லை. இருந்தும் அப்படி நடந்தால் அதை எவ்வாறு கண்டுகொள்வது, யாரிடம் சொல்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடும்பத்தை மனக்கண்ணால் காண்போம். இது விளக்கத்துக்காகக் கூறுவதே அன்றி, எந்த நிறுவனத்தையும் குறித்துச் சொல்வதன்று. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அக்குடும்பத்துக்கு அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கிறது. முதல் மாதம் குறையொன்றுமில்லை. அடுத்த மாதம், அவர்கள் இன்ன ஜாதி என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியவருகிறது. மறுநாள் குழாயடியில் அந்த வீட்டம்மாளின் குடத்தை ஒருவர் காலால் நகர்த்திவிட்டு, "நாங்கள் பிடித்து முடித்தபின் வா" என்கிறார். சில நாட்களில் அவ்வீட்டுப் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் விளையாடுவது நிற்கிறது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கொடுத்த மனுவுக்கு விடையில்லை. அடுத்த வீட்டுக் கூரையோ ஒரு வாரத்தில் செப்பனிடப்படுகிறது. கணவர் மனைவியிடம் சொல்கிறார்: "பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு?"

இந்தக் கேள்வியே பிற மாநிலத்தில் வாழும் நம்மவரின் வாயை அடைத்துவிடுகிறது. மொழி தெரியாது, காவல் நிலையத்தில் யாரையும் தெரியாது, வீட்டை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் வேறு. அவற்றோடு ஒரு தவறான எண்ணமும் சேர்ந்துகொள்கிறது: 'நம் ஜாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில்தான் செல்லும், வாளையாற்றைத் தாண்டிவிட்டால் சட்டமும் நம்மைத் தாண்டிப் போய்விடும்' என்பதே அவ்வெண்ணம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி முற்றிலும் தவறு. அதனை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியாக வகுக்கப்பட்டுள்ளது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் வேறொரு மாநிலத்தில் குடியேறினால், அங்கு கல்வியிலும் வேலையிலும் ஒதுக்கீடு கோர இயலாது என்று உச்சநீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018-இல் பீர் சிங் வழக்கிலும் மாநிலப் பணிகளைப் பொறுத்தவரை அதே கருத்தை உறுதி செய்தது. ஒதுக்கீடு என்ற சலுகையைப் பற்றிய தீர்ப்புகள் இவை. இழிவு செய்யப்படாமல் வாழும் உரிமையோ சலுகையன்று. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை நாடு முழுவதும் ஒழித்தது. அது எந்த மாநிலத்தின் பட்டியலையும் கேட்பதில்லை. 19-ஆவது பிரிவு, இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவர்க்கும் அளிக்கிறது. 15-ஆவது பிரிவு, மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு அரசு யாரிடத்தும் வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது. அரசு நிறுவனங்களும் நகராட்சிகளும் இங்கே 'அரசு' என்ற சொல்லில் அடங்கும்.

இவ்வடிப்படை உரிமைகளுக்குக் காவலாக இரண்டு சட்டங்கள் உள்ளன. முதலாவது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். தீண்டாமைக் குற்றச் சட்டம் என்ற பெயரோடு அவ்வாண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அது, 1976-இல் திருத்தப்பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. பொதுக் குழாய், கிணறு, கழிப்பிடம், சாலை, சுடுகாடு ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் தடுப்பது அச்சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி குற்றம். அதே பிரிவில் பலர் கவனியாத ஒரு வாசகமும் உண்டு: எந்த வட்டாரத்திலாயினும் ஒருவர் குடியிருக்க வீடு கட்டுவதையோ, பெறுவதையோ, அதில் வாழ்வதையோ தீண்டாமை காரணமாகத் தடுப்பதும் குற்றமே. தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாத, ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறைவாசமும் அபராதமும் ஆகும். பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினராயின், எதிர்த்தரப்பினர் மாறாக மெய்ப்பிக்காத வரையில், அச்செயல் தீண்டாமை காரணமாகவே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது 12-ஆவது பிரிவு. 'அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நான் எப்படிக் காட்டுவது?' என்று தயங்குவோர்க்கு இது பெருந்துணை.

இரண்டாவது, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர்மீது அவ்வகுப்புகளைச் சேராதவர் இழைக்கும் கொடுமைகளை இது தண்டிக்கிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் ஜாதிப் பெயரைச் சொல்லி ஏசுதல், வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ போகும்படி செய்தல், உரிய வீட்டிலிருந்து முறையின்றி வெளியேற்றுதல், பொது நீர்நிலைகளைத் தடுத்தல், சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு ஆகியவை இதன் 3-ஆவது பிரிவில் குற்றங்களாக வகுக்கப்பட்டுள்ளன. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. வழக்குப் பதிவு செய்வதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018-இல் செய்யப்பட்ட திருத்தம் தெளிவாக்கிவிட்டது.

பிற மாநிலத்தில் குடியேறியவர்க்கு இச்சட்டம் துணை நிற்குமா? இக்கேள்வி பம்பாய் உயர்நீதிமன்றத்தின் மூவர் அமர்வின் முன் வந்தது. பாதிக்கப்பட்டவரின் ஜாதி, குற்றம் நடந்த மாநிலத்தின் பட்டியலில் இல்லாவிட்டாலும், அவர் நாட்டின் எப்பகுதியிலும் இச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவார் என்று அவ்வமர்வு 2023 ஜூன் 30-ஆம் நாள் தீர்ப்பளித்தது. கேரள நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. எனினும் எடுத்துக்காட்டி வாதாடுதற்கு உரியது. அன்றியும் தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள பெயர்களுள் சில கேரளப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கின்றன. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கோ இந்த ஐயம் எழவே இடமில்லை. தீண்டாமை எங்கு நிகழினும் அது குற்றமே. ஆகவே, சான்றிதழ் எல்லையில் நின்றுவிட்டது என்பதற்காக உரிமையும் அங்கேயே நின்றுவிட்டதாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

கேரளத்தில் இத்தகைய குறைகள் எழுவதில்லை என்று எண்ணுவதும் சரியன்று. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பு இருக்கிறது. அங்கு வாழும் சக்கிலியர் சமூகத்தினர், குடிதண்ணீர் பிடிப்பதிலும் தேநீர்க்கடையிலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக 2017-இல் முறையிட்டனர். அதனை மறுத்தவர்களும் உண்டு. எனினும் வாய் திறந்து சொன்னதனால் அச்செய்தி மாநிலமெங்கும் பேசப்பட்டது. தமிழ்நாடும் இதில் விலக்கன்று. புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்திய மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்து, நாடே தலைகுனிந்தது.

வீட்டின் பெயரிலேயே ஒதுக்கம் புகுந்துகொள்வதும் உண்டு. கேரள அரசு 1972-இல் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கி ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்தது. அத்தகைய குடியிருப்புகளுக்கு வழங்கிய 'காலனி' என்ற பெயரே நாளடைவில் இழிவுக் குறியாக ஒலிக்கத் தொடங்கியது. 2024 ஜூன் மாதத்தில் அப்போதைய அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வாழுமிடங்களுக்கு அப்பெயரை வழங்கலாகாது என்று ஆணை பிறப்பித்துவிட்டே பதவியினின்று விலகினார். வீடு கட்டுவதையே ஒற்றுமைக்குக் கருவியாக்கிய முயற்சிகளும் உள. தமிழ்நாட்டில் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்தில், 100 வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டோர்க்கும் மற்றவை ஏனை வகுப்பினர்க்கும் கலந்து ஒதுக்கப்பட்டன. அங்கே சுடுகாடும் பொதுவே. சிங்கப்பூர் அரசு 1989 முதல் ஒவ்வோர் அடுக்குமாடித் தொகுதியிலும் சீனர், மலாயர், இந்தியர் கலந்து வாழும்படி அளவு வகுத்திருக்கிறது. அரசு வீடு கட்டினால் மட்டும் போதாது, அதில் வாழ்வோர் சமமாக வாழ வழியும் செய்ய வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன.

இனி, நேயர்கள் தம் வாழ்வில் நேரும் ஒரு நிகழ்ச்சி உரிமை மீறலா, வெறும் குறைபாடா என்று பிரித்தறிவது எப்படி? கூரை ஒழுகுவது குறைபாடு. குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராததும் குறைபாடே. எல்லா வீடுகளுக்கும் அதே நிலையென்றால் பராமரிப்பு அலுவலரிடம் மனுக் கொடுப்பதோடு முடிந்துவிடும். 'மற்றவர்க்குக் கிடைப்பது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?' என்ற கேள்விக்கு, ஜாதி, மதம், பிறந்த இடம் என்ற விடை வருமானால் அப்போது அது உரிமை மீறலாகிறது. ஒரே நாளில் மனுக் கொடுத்த பத்துப் பேரில் ஒன்பது பேர் கூரை செப்பனிடப்பட்டு ஒருவருடையது மட்டும் விடப்பட்டால், அந்த ஒன்பது பேரின் தேதிகளே அவருக்குச் சான்று.

ஒவ்வொரு மறுப்பும் மீறலாகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மாநில அரசின் வீட்டுத் திட்டத்தில் இடம் பெற, இத்தனை ஆண்டு அம்மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்று விதி இருக்கலாம். வசிப்பிடம் வேறு, பிறந்த இடம் வேறு என்று உச்சநீதிமன்றம் 1955-லேயே டி. பி. ஜோஷி வழக்கில் கூறியுள்ளது. ஆனால் அவ்விதி எல்லோர்க்கும் ஒரேவிதமாகச் செலுத்தப்படுகிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தனியார் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் நிலையும் சற்று வேறானது. ஒரு சமூகத்தார் தம்முள் மட்டுமே உறுப்பினர் சேர்க்கும் விதியை 2005-இல் உச்சநீதிமன்றம் ஒரு பார்சி சங்க வழக்கில் ஏற்றுக்கொண்டது. பொதுப்பணத்தில் எழுந்த வீட்டுக்கு அத்தகைய விலக்கு கிடையாது. ஒப்பந்தக்காரரின் கொட்டகையில் தங்குவோர், இடநெருக்கடி, கழிப்பிடமின்மை போன்ற குறைகளைத் தொழிலாளர் துறை அலுவலரிடம் சொல்ல வேண்டும். ஜாதி காரணமான கொடுமை அங்கு நிகழ்ந்தாலும், மேற்கூறிய இரு சட்டங்களும் அவர்களுக்கும் பொருந்தும்.

மீறல் என்று தெளிந்தபின் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, அன்றிரவே எழுதிவைத்தல். நாள், நேரம், இடம், செய்தவர், பார்த்தவர் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பேசிய சொற்களைப் பேசியவாறே எழுத வேண்டும். மலையாளத்தில் ஏசியிருந்தால் அம்மலையாளச் சொல்லையே தமிழ் எழுத்தில் குறித்தால் போதும். 'கேவலமாகப் பேசினார்' என்று எழுதுவதால் பயனில்லை. இடத்தைக் குறிப்பதும் மிக முக்கியம். வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் ஏசியது 'பொதுமக்கள் பார்வையில் படும் இடம்' ஆகாது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. குழாயடியா, மாடிப்படியா, வாசலா, அங்கு வேறு யார் நின்றனர் என்பதைப் பொறுத்தே வழக்கு நிற்கும்.

இரண்டாவது, காகிதங்களைக் காத்தல். வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, வாடகை ரசீது, கொடுத்த மனுக்களின் நகல், அவற்றைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, தமிழ்நாட்டில் பெற்ற ஜாதிச் சான்றிதழ் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டுவைக்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கு உதவாத சான்றிதழ் என்று அதனை ஊரிலேயே விட்டுவிட்டு வருவோர் பலர். வன்கொடுமை வழக்கில் அதுவே முதற்சான்று.

மூன்றாவது, காவல் நிலையம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். மின்வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் சென்று கையொப்பமிட வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டக் கேளுங்கள். மலையாளம் புரியாவிட்டால் தமிழறிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று, பொருள் விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் வரும் முறையீட்டைப் பதிவு செய்யாமலோ படித்துக் காட்டாமலோ வேண்டுமென்றே விடும் அலுவலர், அப்பட்டியல் வகுப்புகளைச் சேராதவராயின், 4-ஆவது பிரிவின்படி தண்டனைக்கு உரியவர். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் செல்லலாம். வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் புலன்விசாரணை செய்து 60 நாட்களில் முடிக்க வேண்டும் என்பது விதி. குற்றத்துக்கு ஏற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை நிவாரணம் வழங்க 2016-ஆம் ஆண்டு விதிகள் வகை செய்துள்ளன.

நான்காவது, காவல் துறைக்குப் புறம்பான வழிகள். வீடு ஒதுக்குவதிலோ பழுது பார்ப்பதிலோ அதிகாரிகள் ஜாதி காரணமாக ஓரவஞ்சனை செய்தால், தாழ்த்தப்பட்டோர்க்கான தேசிய ஆணையத்துக்கு எழுதலாம். அரசியலமைப்பின் 338-ஆவது பிரிவின்கீழ் அமைந்த அவ்வாணையம், அதிகாரிகளை அழைத்து விசாரிக்கச் சிவில் நீதிமன்றத்துக்குரிய ஆற்றல் பெற்றது. தமிழர் என்பதற்காகவோ பிற காரணத்துக்காகவோ வேற்றுமை பாராட்டப்பட்டால், எந்த வகுப்பினராயினும் மனித உரிமை ஆணையத்தை நாடலாம். நிகழ்ந்த ஓராண்டுக்குள் நாட வேண்டும் என்பதை மறக்கலாகாது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று கவலைப்பட வேண்டாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், ஆலைத் தொழிலாளர் ஆகியோர்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அளிக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. அதற்கான அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. தொலைபேசி எண் 15100. வன்கொடுமை பற்றிய தேசிய உதவி எண் 14566. உடனடி ஆபத்தாயின் 112.

உள்ளதை உள்ளபடி சொல்வதே இவை அனைத்துக்கும் அடிப்படை. குழாயடிச் சண்டை ஒவ்வொன்றையும் ஜாதிக் கொடுமை என்று கூட்டிச் சொன்னால், உண்மையாகப் பாதிக்கப்பட்டவரின் சொல்லும் எடுபடாமற் போகும். அதேபோல், நடந்ததைக் குறைத்துச் சொல்வதும் தவறே. முறையிட்டதற்காக மிரட்டினால், சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்க்கும் பாதுகாப்பளிக்கும் கடமை வன்கொடுமைச் சட்டத்தின் 15அ பிரிவின்படி அரசைச் சேர்ந்தது. அவ்வச்சுறுத்தலையும் நாள் குறித்து எழுதி, முதல் முறையீட்டோடு சேர்க்க வேண்டும்.

நாம் முதலிற் கண்ட குடும்பத்துக்குத் திரும்புவோம். கணவர் கேட்ட கேள்விக்கு அந்த அம்மாள் என்ன விடை சொல்லலாம்? "வம்பு செய்யப் போவது நாமல்ல. இந்த வீட்டுக்கு நாமும் வாடகை கொடுக்கிறோம்; இந்தக் குழாய் ஊர்ப் பணத்தில் போட்ட குழாய். நடந்ததை எழுதிக் கொடுப்பது மட்டுமே நம் வேலை" என்று சொல்லலாம். அவர் அன்றிரவு ஒரு தாளில் எழுதும் நான்கு வரி, அவர் வீட்டுக் குடத்துக்கு மட்டுமன்றி, அடுத்து அக்குடியிருப்புக்கு வந்து சேரும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் குடத்துக்கும் அக்குழாயடியில் இடம் தேடித் தரும்.